வலப்புறம் திரும்பும்போது மட்டும்

என் தம்பி ஓர் ஓட்டுநர். முப்பத்தெட்டு ஆண்டுகளாக ஒரே காரை ஒரே ஒருவருக்காக ஓட்டியவன். இதைக் கேட்பவர்கள் உடனே அவன் எவ்வளவு தூரம் கடந்திருப்பான் என்று கணக்கிடத் தொடங்கிவிடுவார்கள். உண்மையில் அவன் ஓட்டிய நேரத்தைவிடக் காத்திருந்த நேரமே மிகுதி. அவனுடைய முதலாளியான வக்கீலம்மாவின் வீட்டிலிருந்து நீதிமன்றத்துக்குக் காலையில் இருபத்தைந்து நிமிடம். மாலையில் நெரிசல் இருப்பதால் நாற்பது நிமிடம். இடைப்பட்ட ஏழு மணி நேரமும் நீதிமன்றத்தின் பின்புறச் சுவரோரமாகக் காரை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து வைத்து, ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வழக்கு முடிந்து அம்மா எந்த நேரத்திலும் வந்துவிடலாம் என்பதால் உறங்கவும் முடியாது. எழுந்து எங்கும் போகவும் முடியாது. உழைத்துக் களைத்தவனுக்கு ஊர் இரக்கம் காட்டும். உட்கார்ந்தே களைத்தவனை யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை.

நான் அவனுக்கு மூத்தவள். என் கணவர் மறைந்த பிறகு தம்பி வீட்டு மாடியறையில் இருக்கிறேன். ஆகவே, இங்கே எழுதுவதில் பாதி நான் கண்டது. மீதியை அவனும் கார் பழுதுபார்க்கும் பட்டறைக்காரரும் சொல்லக் கேட்டேன்.

நீதிமன்ற வாசலில் நிற்கும் மற்ற ஓட்டுநர்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர் 'ஹாரன்'. ஒல்லியாக இருப்பவனைக் குண்டன் என்று அழைக்கும் அதே குறும்புதான். அவன் ஹாரன் அடித்து யாரும் கேட்டதில்லை. முன்னால் மாடு நின்றாலும், லாரி நின்றாலும், கதை பேசிக்கொண்டு இரண்டு பெண்கள் நடுச்சாலையில் நின்றாலும், அவர்களாக விலகும்வரை எஞ்சினை உறுமவிடாமல் நிற்பான்.

"இவர் ஹாரன் அடிக்கிறதுக்குள்ள அந்த மாடே ஓட்டக் கத்துக்கும்" என்பார்கள். அவன் சிரித்துக்கொள்வான். காரணத்தை அவர்களிடம் சொன்னதில்லை.

காரணம் எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வயதில் அவன் சரக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு குறுகிய சாலையில், முன்னே மிதிவண்டியில் போய்க்கொண்டிருந்த முதியவர் ஒருவரை விலகச் சொல்லி ஹாரன் அடித்தான். திடுக்கிட்ட அவர், ஒதுங்க வேண்டிய பக்கத்தை விட்டுவிட்டு லாரியின் பக்கமாகவே திருப்பிவிட்டார். உயிர் பிழைத்தார், ஆனால் அதன்பிறகு அவருடைய ஒரு கால் மடங்கவே இல்லை. வழக்கில் என் தம்பிக்காக வாதாடியவர்தான் வக்கீலம்மா. தவறு அவனுடையது அன்று என்று தீர்ப்பு வந்தது. லாரி முதலாளியோ தீர்ப்பு வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை; வேறொருவனை வைத்துக்கொண்டுவிட்டார். நீதிமன்றப் படியில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவனைப் பார்த்து அம்மா கேட்டார்.

"வேலை இருக்கா?"

"இல்லீங்கம்மா."

"என் காரை ஓட்டறீங்களா?"

அப்போதே அந்தக் காருக்கு எட்டு வயது. கனத்த கதவுகளும், ஸ்டியரிங் தண்டிலேயே கியரும், அதன் மறுபுறத்தில் இண்டிகேட்டர் நெம்புகோலும் கொண்ட வண்டி. இன்னும் நாலைந்து ஆண்டுகள் ஓடினாலே பெரிது என்று எல்லாரும் நினைத்தார்கள். என் தம்பியும் அப்படி நினைத்துத்தான், நன்றிப் பெருக்கில், "இந்த வண்டி ஓடுற வரைக்கும் நான் ஓட்டறேன்மா" என்று சொல்லிவிட்டான். சொன்னவன் மறந்திருக்கலாம். வக்கீலம்மா மறக்கவில்லை. சொன்ன சொல்லைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியதைப் போலவே நினைவில் வைத்திருப்பவர் அவர்.

கார் ஓடிக்கொண்டே இருந்தது. அதுதான் தொல்லை.

சென்ற மூன்று ஆண்டுகளாகவே அவனால் முடியவில்லை. கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்கிவிட்டது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, இரண்டு பேருந்து மாறி, ஏழு மணிக்குள் அம்மா வீட்டுக்குப் போய்க் காரைத் துடைக்க வேண்டும். திரும்பி வர இரவு எட்டாகிவிடும். வந்ததும் பேசமாட்டான், நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் மனைவிக்கு நாக்கு கொஞ்சம் நீளம். ஆனாலும் மனம் நல்லது.

"வண்டிக்கு வயசாச்சுன்னு மாசாமாசம் ஆயில் மாத்தறீங்களே, உங்களுக்கு எதை மாத்தறது?" என்பாள்.

"விடு."

"நாளைக்கு அந்த அம்மாகிட்ட சொல்லிடுங்க, முடியலைன்னு."

"சொல்றேன்."

"இதையே போன வருஷமும் சொன்னீங்க. காலையில போகும்போது நாக்கை வீட்டுல கழட்டி வச்சிட்டுப் போறீங்களா? அண்ணி, நீங்களாவது கேளுங்க."

நானும் கேட்டிருக்கிறேன். "எப்படிக்கா சொல்றது? தெருவில நின்னப்போ கூப்பிட்டு உட்கார வச்சவங்க. வண்டி நல்லாத்தானே ஓடுதுன்னு கேட்டா நான் என்ன சொல்ல?" என்பான்.

இந்த நிலையில்தான் இண்டிகேட்டர் கெட்டது.

முதலில் வலது பக்கம் மட்டும். நெம்புகோலைத் தள்ளினால் சில நேரம் விளக்கு மினுக்கும். சில நேரம் மினுக்காமல் எரிந்தபடியே நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் அணைந்துவிடும். இடது பக்கத்தில் குறை ஏதும் இல்லை. பழைய வண்டிதானே என்று இரண்டு வாரம் சமாளித்தான். பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில், நீதிமன்றத்துக்கு முந்திய திருப்பத்தில், வலப்புறம் திரும்ப நெம்புகோலைத் தள்ளினான். அவன் கையே படாமல் ஹாரன் அலறியது. சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு முதியவர் துள்ளி விழாத குறையாகப் பின்வாங்கி, நடைபாதை விளிம்பில் தடுக்கி, விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அம்மாவை இறக்கிவிட்டு, சுவரோரம் காரை நிறுத்தி, முன்பக்க மூடியைத் தூக்கினான். ஃபியூஸ் பெட்டியில் மொத்தமே நான்கு ஃபியூஸ்கள். ஹாரனுக்கு உரியதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஹாரன் இல்லாவிட்டால் யாருக்கு என்ன நட்டம்? முப்பத்தெட்டு ஆண்டுகளில் அதை அவன் தொட்டதில்லை. அவன் இடத்தில் வேறு எந்த ஓட்டுநர் இருந்தாலும் ஹாரன் இல்லாத வண்டியை ஒரு தெருக்கூடத் தாண்டி ஓட்டியிருக்க மாட்டார்.

அன்று மாலை திரும்பும்போது இண்டிகேட்டர் இரண்டு பக்கமும் எரியவில்லை.

"ஸ்விட்ச் சுத்தமா போயிடுச்சும்மா" என்றான்.

"சரி பண்ணுங்க."

"பழைய வண்டிம்மா. ஸ்விட்ச் கிடைக்கணும்."

"கிடைக்குதான்னு பாருங்க" என்றார் வக்கீலம்மா. மடியில் வழக்குக் கட்டு இருந்தது.

அடுத்த மூன்று வாரமும் சன்னல் வழியே கையை நீட்டிச் சைகை காட்டியே ஓட்டினான். அது மழைக்காலம். வலது சட்டைக் கை எப்போதும் ஈரமாகவே இருந்தது. அந்தத் தோளும் பிடித்துக்கொண்டது. அவன் மனைவி தைலம் தேய்த்தபடியே, "ஒரு கால் ஏற்கெனவே போச்சு, இப்ப கையும் போகுது. எல்லாப் பாகமும் போனதும் மிச்சத்தை வீட்டுக்கு அனுப்பி வைப்பாங்க" என்றாள். அவன் சிரிக்கவில்லை.

ஆனால் அந்த மூன்று வாரமும் அவனிடம் ஒரு மாற்றத்தைக் கண்டேன். இரவில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவன் முகத்தில் இறுக்கம் சற்றுக் குறைந்திருந்தது. ஒரு நாள் தானாகவே சொன்னான்.

"அக்கா, அம்மாவோட தங்கச்சி மகன் வந்திருந்தார். 'பெரியம்மா, இந்த ஸ்விட்ச் கிடைக்கலைன்னா வண்டியைக் கொடுத்துடலாம், பழைய கார் சேர்க்கிற ஒருத்தர் ஆறு மாசமா கேட்டுக்கிட்டே இருக்கார்'னு சொன்னார்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"'ஓடாத வண்டியை வச்சு நான் என்ன செய்யப் போறேன், கிடைக்கலைன்னா கொடுத்துடலாம்'னு சொன்னாங்க."

தன் வாயால் சொல்ல முடியாததைக் கார் சொல்லிவிடும் என்று அவன் காத்திருந்தான். காத்திருப்பது அவனுக்குக் கைவந்த வேலை.

நான்காம் வாரத்தில் அம்மாவே நாள் குறித்துவிட்டார். "இன்னிக்கு எனக்கு நாலு மணி வரைக்கும் விசாரணை இருக்கு. வண்டியைப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போய், முடியுமா முடியாதான்னு ஒரு பதில் கேட்டுட்டு வந்துடுங்க" என்றார்.

பட்டறைக்காரருக்கு 'கரண்ட்' என்று பெயர். வண்டிகளின் மின்வேலை மட்டுமே செய்வார். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்வதில்லை; பேச ஆள் கிடைத்தால் போதும் என்பார். முதுகு வலி உள்ளவர். ஆகவே, வண்டிக்குள் தலைகீழாகப் படுத்து வேலை செய்வதற்கென்றே ஒரு பழைய இருக்கை மெத்தையை வைத்திருந்தார்.

"வாங்க ஹாரன் அண்ணே. மகாராணிக்கு என்ன உடம்பு?"

"இண்டிகேட்டர் ஸ்விட்ச் போயிடுச்சு. கிடைக்குமா?"

"வந்ததும் வராததுமா ஸ்விட்ச்சுங்கறீங்க. நோயைச் சொல்லுங்க, மருந்தை நான் சொல்றேன்."

கரண்ட் எதையும் விளிம்பிலிருந்து தொடங்குபவர். முதலில் நான்கு மூலையிலும் உள்ள விளக்குகளைக் கழற்றி, பல்புகளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். இழை அறுபடவில்லை. பல்பு உட்காரும் குழிகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது, உப்புத்தாளால் தேய்த்தார். பிறகு மெத்தையை உள்ளே போட்டு, அதன்மேல் மல்லாந்து படுத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்தார். அங்கே ஒரு சிறிய உருளைபோல இருப்பதுதான் ஃப்ளாஷர். விளக்கை விட்டுவிட்டு எரியச் செய்வது அது. அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தார்.

"இப்ப நெம்புகோலைத் தள்ளுங்க. ஃப்ளாஷர் செத்திருந்தா விளக்கு மினுக்காம எரியணும்."

எரியவில்லை. வலப்பக்கமும் இல்லை, இடப்பக்கமும் இல்லை.

கரண்ட் தன் சோதனை விளக்கை எடுத்தார். அது கூர்முனையும் உள்ளே ஒரு சின்ன பல்பும் கொண்டது. மின்சாரம் உள்ள இடத்தில் வைத்தால் எரியும். அதை ஃப்ளாஷரின் முனையில் வைத்தார். அதுவும் எரியவில்லை.

"அண்ணே, ஸ்விட்ச் வரைக்கும் கரண்டே வரலை. சமைக்காம சாப்பாட்டைக் குறை சொல்ற மாதிரி இருக்கு."

எழுந்து, முதுகைப் பிடித்தபடி சுற்றிவந்து, முன்மூடியைத் தூக்கினார். ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். நான்கில் ஒன்று இல்லை. பல் விழுந்த வாய்போல அந்த இடம் காலியாக இருந்தது.

"இது எங்கே போச்சு?"

என் தம்பி தரையில் கிடந்த ஒரு திருகைக் குனிந்து எடுத்தான்.

"அண்ணே, உங்களைத்தான். கழண்டு விழற பொருள் இல்லை இது."

"நான்தான் எடுத்தேன். வலது பக்கம் போட்டா ஹாரன் தானா அடிச்சுது. அதனால ஹாரன் ஃபியூஸை எடுத்தேன்."

"இந்த வண்டியில ஹாரனுக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே ஃபியூஸ்தான்." கரண்ட் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "முப்பத்தெட்டு வருஷமா இதைத் துடைக்கிறீங்க. தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"அன்னிக்குத் தோணலை."

"அன்னிக்குத் தோணலை, சரி. மறுநாள்? மூணு வாரமா மழையில கையை நீட்டிக்கிட்டு நடன வாத்தியார் மாதிரி ஓட்டினீங்களே, ஒரு நாள்கூடவா தோணலை?"

என் தம்பி பின்னர் என்னிடம், "அக்கா, தோணிச்சா இல்லையான்னு எனக்கே தெரியலை. தோணறதுக்கு முன்னாடியே வேற எதையாவது நினைச்சுக்குவேன்" என்றான். அதை நான் நம்புகிறேன். களைப்பு மிகும்போது மனம் தனக்கு வேண்டாத கதவைத் தட்டாமலே கடந்துபோகப் பழகிவிடுகிறது.

கரண்ட் மேலும் கேட்கவில்லை. புது ஃபியூஸ் ஒன்றைப் பொருத்தி, "உட்கார்ந்து தள்ளுங்க. முதல்ல இடது" என்றார். இடப்புற விளக்குகள் ஒழுங்காக மினுக்கின. "இப்ப வலது."

ஹாரன் அலறியது. தகரக் கூரை போட்ட பட்டறை அது. ஓசை சுவருக்குச் சுவர் மோதியது. என் தம்பி நெம்புகோலைத் திருப்பக்கூட மறந்து, கதவைத் திறந்து இறங்கி, தெருவுக்கே போய்விட்டான். கரண்ட்தான் குனிந்து அதை நிறுத்த வேண்டியிருந்தது. வெளியே வந்து பார்த்தபோது அவன் எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றானாம்.

"உங்களுக்குப் போய் ஹாரன்னு பேர் வச்சாங்களே, அவங்களைச் சொல்லணும்" என்று கரண்ட் அவனுக்கு ஒரு குவளை தண்ணீர் கொடுத்தார். அவன் குடித்தான். பிறகு, முப்பத்தெட்டு ஆண்டுகளில் முதன்முறையாக, அந்த மிதிவண்டிக்காரரைப் பற்றி வெளியாள் ஒருவரிடம் சொன்னான். அவ்வளவு பேசுகிற கரண்ட் குவளையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "வாங்க, தொறந்து பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார்.

ஸ்டியரிங் தண்டைச் சுற்றியுள்ள உறையை இரண்டு திருகுகள் பிடித்திருந்தன. அதைக் கழற்றியதும் நோய் முழுவதும் வெளிப்பட்டது. ஹாரன் பொத்தானுக்குப் போகும் ஒயர், ஸ்விட்ச்சைத் தாங்கும் தகட்டின் விளிம்பில் ஆண்டுக்கணக்கில் உரசி, மேல்தோல் தேய்ந்து, செம்புக் கம்பி வெளியே தெரிந்தது. நெம்புகோலை வலப்புறம் தள்ளும்போது மட்டும் அது தகட்டில் பட்டது. உடனே ஹாரன் அடித்தது. ஸ்விட்ச்சின் உள்ளே இரண்டு பித்தளைத் தகடுகள் இருந்தன. இடப்புறத் தகடு பளபளத்தது. வலப்புறத் தகடு கருகி, மெலிந்து, அழுத்தமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா வீட்டிலேருந்து கோர்ட்டுக்குப் போற வழியில வலது திருப்பம் நிறையவா?"

"போகும்போது ஏழு. இடது இரண்டுதான். வரும்போது வேற வழி, ஒருவழிப் பாதை. அதிலயும் வலதுதான் அதிகம்."

"அதான் ஒரு பக்கமாவே தேஞ்சிருக்கு."

கரண்ட் அந்த ஸ்விட்ச்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மெத்தையின் விளிம்பில் உட்கார்ந்தார். என் தம்பியும் எதிரில் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தான். இருவருக்கும் எழுந்திருக்க மனம் இல்லை.

"அண்ணே, ஒண்ணு கேட்கட்டுமா? இது சரியாகணுமா, வேண்டாமா?"

என் தம்பி தலை நிமிர்ந்தான்.

"புது ஸ்விட்ச் கிடைக்காது. அது சத்தியம். 'இந்த வண்டிக்கு ஸ்விட்ச் கிடைக்காது'ன்னு ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். அதுல ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த அம்மா வண்டியை வித்துடுவாங்க. நீங்க காலை நீட்டிப் படுத்துக்கலாம். உங்க முகத்தைப் பார்த்தா எனக்கே கொட்டாவி வருது."

"சரி பண்ண முடியுமா, முடியாதா?"

"பண்ணலாம். வேற வண்டியில கழட்டின செத்த ரிலே ஒண்ணு கிடக்கு. அதுல இருக்கிற பித்தளையை வெட்டி வச்சா ஒரு மணி நேர வேலை. ஆனா அதை நான் சொன்னாத்தானே தெரியும்."

அந்தச் சீட்டு என் தம்பியின் மூன்று ஆண்டு வேண்டுதல். கேளாமலே கைக்கு வந்திருந்தது. அதை வாங்கிக்கொண்டு போனால் யாரும் அவனைக் குறை சொல்லப் போவதில்லை. தான் சொன்ன சொல்லையும் அவன் மீறியவனாக மாட்டான். கருகிய தகட்டை வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தான். கருமைக்கு அடியில் பித்தளை இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது.

"பண்ணிடு" என்றான்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"முடியாதது எனக்கு. வாயில்லாத வண்டி மேல எதுக்குப் பழியைப் போடணும்?"

கரண்ட் பித்தளையை வெட்டி, அரத்தால் தேய்த்து, அளவு பார்த்து வளைத்தார். என் தம்பி ஹாரன் ஒயருக்குப் புதிய உறையைத் தானே போர்த்தி, தகட்டின் விளிம்பில் படாதவாறு விலக்கிக் கட்டினான். உறையை மூடித் திருகியதும் நெம்புகோலைத் தள்ளினார்கள். இடது, வலது, இரண்டும் ஒரே சீராக மினுக்கின. வேறு ஓசை இல்லை.

"ஹாரனையும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துடணும்."

"நீயே அழுத்து. நான் வெளியில நிக்கறேன்."

நாலரைக்கு வக்கீலம்மா நீதிமன்றப் படிகளில் இறங்கி வந்தார். எழுபத்தொன்பது வயதிலும் கைப்பிடியைத் தொடாமல் இறங்குபவர். அன்று வழக்கு ஒத்திவைக்கப்பட்டிருந்தது. பின்னிருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முதல் வலது திருப்பத்தில், ஃப்ளாஷரின் ஓசை கேட்டு, கண்ணைத் திறக்காமலே, "சரியாயிடுச்சா?" என்றார்.

"ஆயிடுச்சும்மா."

"ஸ்விட்ச் கிடைக்கணும்னு சொன்னீங்களே."

"கிடைக்கலைம்மா. இருந்ததையே சரி பண்ணியாச்சு."

வீட்டு முகப்பில் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தான். வழக்கமாக இறங்கி ஓடிப்போய்ப் பின்கதவைத் திறப்பவன், அன்று இருக்கையிலேயே இருந்தான். அம்மா காத்திருந்தார்.

"என்ன டிரைவர்?"

"அம்மா, என்னால முடியலைம்மா."

"உடம்பு சரியில்லையா? நாளைக்கு வேணும்னா வர வேண்டாம்."

"நாளைக்கு மட்டும் இல்லைம்மா. இனிமே முடியலை. வண்டி ஓடற வரைக்கும் ஓட்டறேன்னு சொன்னேன். வண்டி ஓடுது. நான்தான் ஓடலை."

அவன் கண்ணாடி வழியாகப் பார்க்கவில்லை. நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எவ்வளவு நாளா?"

"மூணு வருஷம் இருக்கும்மா."

"அப்போ மூணு வருஷமா இஷ்டமில்லாமத்தான் என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கீங்க."

"இஷ்டமில்லாம இல்லைம்மா. தெம்பில்லாம."

"ஸ்விட்ச் கிடைக்கலைன்னு இன்னிக்கு நீங்க வந்து சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன். வண்டியைக் கொடுத்திருப்பேன்."

"நீங்க நம்புவீங்கன்னு தெரியும்மா. அதனாலதான் சொல்ல முடியலை."

வக்கீலம்மா தானே கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். நாள்தோறும் மாலையில் உள்ளே போகும்முன், "நாளைக்கு ஒன்பது மணி" என்றோ "நாளைக்குப் பத்து" என்றோ சொல்லிவிட்டுப் போவது அவர் வழக்கம். அன்று எதுவும் சொல்லாமல் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தை கிடைக்காததால், வீட்டுக்குப் போவதா, நிற்பதா என்று தெரியாமல் என் தம்பி காருக்குப் பக்கத்திலேயே நின்றான். அரை மணி நேரம் கழித்துச் சமையல்காரம்மா வெளியே வந்தார்.

"நாளைக்கு ஒம்பது மணிக்காம். இந்த மாசக் கடைசி வரைக்கும் வரச் சொன்னாங்க."

"வேற ஏதாவது சொன்னாங்களா?"

"சாவியை உள்ளே ஆணியில மாட்டிட்டுப் போகச் சொன்னாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ன நடந்துது? கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு உட்கார்ந்திருக்காங்க. டீ கொடுத்தேன், தொடலை" என்றார்.

முப்பத்தெட்டு ஆண்டுகளாகத் தன்னோடு வீட்டுக்கு வந்துபோன சாவியை அவன் மாட்டிவிட்டு வந்தான். அவன் பேருந்து நிறுத்தத்தை நெருங்கியபோது பேருந்து புறப்பட்டுக்கொண்டிருந்தது. மற்ற நாளாக இருந்தால் வீங்கிய காலோடு ஓடியிருப்பான். அன்று அடுத்த பேருந்துக்காக உட்கார்ந்தான்.

வீட்டுக்கு வந்து எங்களிடம் எல்லாவற்றையும் சொன்னான். இடையிடையே நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னான். அவன் மனைவி ஒரு குத்தல் வார்த்தைகூடச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அது எனக்கே புதிது. சாவியைக் கேட்டுவிட்டார் என்ற இடத்தில் மட்டும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அழறீங்களா?" என்றாள்.

"இல்லை. தூக்கம் வருது."

"சாப்பிட்டுட்டுத் தூங்குங்க. எடுத்து வைக்கிறேன்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள், நாற்காலியிலேயே தலை சாய்ந்து, வாய் சற்றே திறந்திருக்க, உறங்கிப்போயிருந்தான். அவள் தட்டை மேசைமேல் வைத்து மூடினாள். குனிந்து அவனுடைய செருப்புகளைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"அண்ணி, காலையில நாலரைக்கு எழுப்பணுமா?" என்று என்னிடம் மெல்லக் கேட்டாள்.

எழுப்பத்தான் வேண்டியிருந்தது. மாதம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.